ஸ்டேஷன் கணக்கு நமக்குக் கிடைக்குமா? கிடைக்கும், ஆனா பேரு வேற, எண்ணிக்கை வேற

உங்க கேள்வி இதான்: எங்க ஏரியால பெண்களுக்கு எதிரா எவ்ளோ குற்றம் நடக்குது, பாதிக்கப்பட்டவங்க எந்த வயசு, செஞ்சவன் தெரிஞ்ச ஆளா தெரியாத ஆளா, இதெல்லாம் போலீஸ்கிட்ட கண்டிப்பா இருக்கும்ல, பொதுமக்கள் பாக்க முடியுமா, ஸ்டேஷன்ல போய்க் கேட்டா அதெல்லாம் ரகசியம்னு அனுப்பிட்டாங்க. பாக்க முடியும். பாதிக்கு மேல ஏற்கனவே நெட்ல இருக்கு, மீதிய தகவல் உரிமைச் சட்டத்துல, அதாவது ஆர்டிஐல, பத்து ரூபா ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டு வாங்கலாம். ரகசியம்னு சட்டம் சொல்றது பாதிக்கப்பட்டவங்க யாருன்னு காட்டிக் குடுக்கிற விவரத்த, எத்தன பேருங்கிற எண்ணிக்கைய இல்ல. நம்மூர்ல இது ரொம்ப நாளாவே தலைகீழா நடக்குது, வெளில வரவே கூடாத பேரு வாட்ஸப்ல சுத்துது, எல்லாரும் பாக்க வேண்டிய எண்ணிக்கை ரெண்டு வருஷம் லேட்டா வருது. நான் வக்கீலா இருக்கேன், மனு போடும்போது இந்தக் கணக்கோட தினமும் மல்லுக்கட்டுற ஆளு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல இந்த எண்ணிக்கை எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சுக்கணும். ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போட்டா அது சிசிடிஎன்எஸ்னு ஒரு நெட்வொர்க்ல ஏறும், மாவட்டத்துல மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகம் அதச் சேக்கும், அப்புறம் மாநிலக் காப்பகம், அங்கேர்ந்து டெல்லில இருக்கிற தேசிய குற்ற ஆவணக் காப்பகம், அதாவது என்சிஆர்பி. என்சிஆர்பி ஆரம்பிச்சது 1986ல, ஆனா இந்தியாவில் குற்றங்கள்ங்கிற வருடாந்திர அறிக்கை அதுக்கும் முன்னாடியே 1953லேர்ந்து வருது. அது கூட தற்கொலை, விபத்து மரணத்துக்குத் தனி அறிக்கை, ஜெயில் புள்ளிவிவரத்துக்குத் தனி அறிக்கை. மூணுமே என்சிஆர்பி வெப்சைட்ல இலவசமா கிடைக்கும், பிடிஎஃப்பும் இருக்கு, டேபிள் டேபிளா எக்செல்லும் இருக்கு.

இங்க கவனிக்க வேண்டியது, இந்த வரிசைல முதல் படி எஃப்ஐஆர். எஃப்ஐஆர் ஆகாதது எதுவும் கணக்குல இல்ல. நம்மூர்ல புகார வாங்கிக்கிட்டோம்னு சிஎஸ்ஆர் ரசீது மட்டும் குடுத்து, விசாரிக்கிறோம்மா போய்ட்டு வாங்கன்னு அனுப்புறாங்க பாருங்க, அந்தப் புகார் எஃப்ஐஆரா மாறலன்னா டெல்லி அறிக்கைல அது நடக்கவே இல்ல. பிடியாணை இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னு புகார்ல தெரிஞ்சாலே எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு லலிதா குமாரி வழக்குல 2013 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன பெஞ்சே சொல்லியாச்சு, இருந்தாலும் சிஎஸ்ஆரோட நிக்கிற புகார் இன்னைக்கும் ஏராளம். அதனால எந்த எண்ணப் பாத்தாலும், இது நடந்த குற்றமில்ல, பதிவான குற்றம்னு மனசுல ஒரு வரி எழுதி வெச்சுக்கோங்க.

சரி, அறிக்கைக்குள்ள என்ன இருக்கு. நீங்க கேட்ட மூணு விஷயத்துல ரெண்டு அதுல நேரடியா இருக்கு, மாநில வாரியா. கொலையானவங்க வயசு, ஆணா பெண்ணா, அதுக்கு டேபிள் இருக்கு. கொலைக்குக் காரணம் என்னன்னு ஒரு டேபிள் இருக்கு, அத ஒரு தடவையாவது எல்லாரும் பாக்கணும். 2022ல நாடு முழுக்க பதிவான கொலை வழக்கு 28,522, அதுல தகராறுல நடந்தது 9,962, முன்விரோதம் 3,761, நம்ம போலீஸ் ஆதாயக் கொலைன்னு சொல்றாங்களே அது 1,884. அதாவது நகைக்கும் பணத்துக்கும் ஆசப்பட்டு நடக்கிற கொலைய விட நிலத் தகராறு, குடும்பத் தகராறு, வாய்த் தகராறுல போற உயிர் அஞ்சு மடங்கு அதிகம். டிவி செய்தி மட்டும் பாக்குறவங்களுக்கு இது தலைகீழாத்தான் தெரியும்.

அடுத்தது நீங்க கேட்ட தெரிஞ்சவனா தெரியாதவனா. பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்கு, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் என்ன உறவுன்னு தனி டேபிளே இருக்கு. குடும்பத்து ஆளு ஒரு கட்டம், நண்பரோ ஆன்லைன் நண்பரோ கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொன்னவரோ பிரிஞ்சு வாழ்ற புருஷனோ ஒரு கட்டம், குடும்ப நண்பர் பக்கத்து வீட்டுக்காரர் வேலை குடுத்தவர் ஒரு கட்டம், கடைசி கட்டம் தெரியாதவங்க. 2016 அறிக்கைல 38,947 வழக்குல 36,859 வழக்குல தெரிஞ்ச ஆளு, கிட்டத்தட்ட 95 சதவீதம். பெரும்பாலான வருஷ அறிக்கைல இது 90க்கு மேலதான் நிக்குது. பொண்ணுங்கள இருட்டுல வெளில போகாதேன்னு சொல்லி வளக்குற ஒரு சமூகத்துக்கு இந்த ஒரு டேபிள் சொல்ற விஷயம் எவ்ளோ பெருசு, ஆனா இத எத்தன ஸ்கூல்ல, எத்தன பெற்றோர் கூட்டத்துல சொல்லிருக்காங்க? இந்த எண்ணிக்கை மக்கள்கிட்ட போகணும்னு நான் கத்துறது இதுக்காகத்தான்.

செஞ்சவங்க பக்கம் பாத்தா, கைதானவங்க வயசு, ஆண் பெண், எத்தன பேர் மேல குற்றப்பத்திரிகை, எத்தன பேருக்குத் தண்டனை, எத்தன பேர் விடுதலை, எல்லாம் இருக்கு. சிறார்களுக்கு மட்டும் கூடுதலா படிப்பு என்ன, அப்பா அம்மா கூட இருந்தாங்களா, வீடில்லாதவங்களான்னும் இருக்கு. அதுலயும் பெரும்பாலான பசங்க பெத்தவங்க கூடவே இருந்தவங்கதான், அநாதைப் பசங்கதான் திருடுவாங்கங்கிற பேச்சுக்கு அந்த டேபிள் இடம் குடுக்கல.

இப்போ குறைக்கு வர்றேன். முதல் குறை லேட். 2017ம் வருஷ அறிக்கை வெளியானது 2019 அக்டோபர்ல. அப்புறம் கொஞ்சம் வேகம் பிடிச்சாங்க, 2021 அறிக்கை 2022 ஆகஸ்ட்லயே வந்துச்சு, மறுபடி பழைய கதை, 2022 அறிக்கை 2023 டிசம்பர்ல, 2023 அறிக்கை 2025 செப்டம்பர் கடைசில. ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற எண்ண வெச்சு ஒரு எஸ்.பி.யையோ மந்திரியையோ என்ன கேள்வி கேக்க முடியும், அவங்க அதுக்குள்ள மாறிப் போயிருப்பாங்க. ரெண்டாவது குறை, சேத்த கணக்கயே வெளிய விடாம இருக்கிறது. அந்த 2017 அறிக்கைக்காக கும்பல் கொலை, மதக் காரணத்துக்கான கொலை, வடக்க சாதிப் பெரியவங்க கூடித் தீர்ப்பு சொல்ற காப் பஞ்சாயத்துக் கொலை, செல்வாக்கான ஆளுங்க செய்ற கொலை இதுக்கெல்லாம் தனியா விவரம் கேட்டு வாங்கினாங்க, ஆனா அச்சுல அது வரல. தரவு நம்பகமா இல்ல, வரையறை சரியா இல்லன்னு அரசு சொன்ன காரணம். வரையறை சரியில்லன்னா சரி பண்ணி அடுத்த வருஷம் போடலாமே, தலைப்பயே எடுத்துட்டா எப்படி. அதே மாதிரி விவசாயிகள் தற்கொலைக்குக் காரணம் என்னங்கிற டேபிளும் 2016 அறிக்கைலேர்ந்து காணாமப் போச்சு. ஒரு பிரச்சனைக்கு எண்ணே இல்லாமப் பண்ணிட்டா அதப் பத்தி சட்டசபைல பேசவும் முடியாது கோர்ட்ல வாதாடவும் முடியாது, இத நான் கோர்ட்ல நின்னு அனுபவிச்சு சொல்றேன்.

எண்ணு கையில கிடைச்சாலும் படிக்கத் தெரியணும். இதுக்கு நம்ம தமிழ்நாட்ட விட நல்ல உதாரணம் கிடையாது. 2019ல இங்க இந்திய தண்டனைச் சட்டத்துல, அதாவது ஐபிசில, பதிவான வழக்கு சுமார் 1.68 லட்சம், 2020ல சுமார் 8.9 லட்சம். அஞ்சு மடங்குக்கு மேல. அந்த வருஷ அறிக்கை வந்ததும் இந்தியாவுலயே குற்றம் அதிகமான மாநிலம் தமிழ்நாடுன்னு மீம்ஸ் பறந்துச்சு. நடந்தது என்னன்னா ஊரடங்கு, பைக்ல வெளில வந்தவன், கடை திறந்தவன் எல்லார் மேலயும் ஐபிசி 188வது பிரிவுல வழக்கு போட்டாங்க, அரசு அதிகாரியோட உத்தரவ மீறினதுன்னு. நாடு முழுக்கவே அந்தப் பிரிவுல 2019ல 29,469 வழக்கு, 2020ல 6,12,179. பால் வாங்கப் போனவரும் கொலைகாரனும் மொத்தத்துல ஒரே ஒண்ணாத்தான் கூட்டப்படுவாங்க, அதனால மொத்தக் குற்றம்னு ஒரு எண்ண யாராவது காட்டினா அத நம்பி எந்த முடிவுக்கும் வராதீங்க, உள்ள போய் எந்தத் தலைப்புன்னு பாருங்க.

இன்னொரு விதி, இது நிறைய பத்திரிகைக்காரங்களுக்கே தெரியாது. ஒரு எஃப்ஐஆர்ல அஞ்சு குற்றம் இருந்தா, எதுக்கு அதிகபட்ச தண்டனையோ அந்த ஒண்ணு மட்டும்தான் எண்ணிக்கைல ஏறும். ஒரு பொண்ண பாலியல் வன்கொடுமை பண்ணிக் கொன்னா அது கொலைக் கணக்குல மட்டும் போகும், வன்கொடுமைக் கணக்குல வராது. இதுக்குப் பல வருஷம் சத்தம் போட்டப்புறம் 2017 அறிக்கைலேர்ந்து வன்கொடுமையோட சேந்த கொலைன்னு தனித் தலைப்பு வெச்சாங்க. மத்த குற்றங்களுக்கு இந்த விதி அப்படியேதான் இருக்கு. வழக்கு எண்ணிக்கை ஒரு கட்டம், பாதிக்கப்பட்டவங்க எண்ணிக்கை வேற கட்டம், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

சில தலைப்பு முழுக்க விசாரணை அதிகாரி எந்தக் கட்டத்துல டிக் பண்றார்ங்கிறதப் பொறுத்தது. ஆணவக் கொலைய தனிக் காரணமா எண்ண ஆரம்பிச்சது 2014ல, அந்த வருஷம் நாடு முழுக்க 28, அடுத்த வருஷம் 251. ஒரே வருஷத்துல இவ்ளோ கூடிடுச்சுன்னு அர்த்தமில்ல, ஒரு சில மாநிலம் டிக் பண்ண ஆரம்பிச்சுது, அவ்ளோதான், இன்னமும் காதல் விவகாரம்னோ குடும்பத் தகராறுன்னோ போய்ச் சேர்ற ஆணவக் கொலை எத்தனையோ. நம்மூர்ல உடுமலைப்பேட்டை சங்கர் கொலை மாதிரி பட்டப்பகல்ல கேமரா முன்னாடி நடந்தாத்தான் அந்தப் பேர்ல பேசுறோம்.

அப்புறம் குற்றம் அதிகமா காட்டுற மாநிலம் மோசம்னு நினைக்காதீங்க. கேரளா, டெல்லி ரெண்டும் விகிதத்துல எப்பவும் மேல இருக்கும், புகார் வாங்குறதுல தயங்காத இடத்துல எண்ணு ஏறத்தான் செய்யும். குற்றம் கூடினதும் பதிவு கூடினதும் ஒண்ணில்லன்னு என்சிஆர்பியே அறிக்கை முன்னுரைல எச்சரிக்கை போடுது, ஆனா அந்தப் பக்கத்த யாரும் புரட்டுறதில்ல. இதுக்குத்தான் மக்கள்கிட்ட வீடு வீடா போய்க் கேக்கிற சர்வே வேணும். ஒரு ஒப்பீடு சொல்றேன். தேசிய குடும்ப நல சர்வேயோட அஞ்சாவது சுற்று 2019-21ல நடந்துச்சு, அதுல தமிழ்நாட்டுல கல்யாணமான பெண்கள்ல 38 சதவீதம் பேர் புருஷன்கிட்ட அடியோ வன்முறையோ அனுபவிச்சதா சொல்லிருக்காங்க. அதே 2019, 2020, 2021 மூணு வருஷத்துலயும் கணவர் குடும்பத்தார் கொடுமைன்னு, அந்த 498ஏ பிரிவுல, தமிழ்நாடு போலீஸ் பதிவு பண்ணது வருஷத்துக்கு ஆயிரம் வழக்குக்கும் கீழ. ரெண்டும் ஒரே அளவுகோல் இல்லதான், ஒண்ணு வாழ்நாள் அனுபவம், ஒண்ணு வருஷக் கணக்கு, இருந்தாலும் இடைவெளி எவ்ளோ பெருசுன்னு பாருங்க. அந்த சர்வேலயே நாடு முழுக்க வன்முறைய அனுபவிச்ச பெண்கள்ல யார்கிட்டயாவது உதவி கேட்டவங்க வெறும் 14 சதவீதம், அதுலயும் போலீஸ்கிட்ட போனவங்க ரொம்பக் கம்மி. அமெரிக்காவுல 1973லேர்ந்து, இங்கிலாந்துல 1982லேர்ந்து பாதிக்கப்பட்டவங்க சர்வே தனியா எடுக்கிறாங்க, போலீஸ் கணக்கும் அதுவும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம். இந்தியாவுல தேசிய அளவுல அப்படி ஒண்ணு தொடர்ந்து நடக்கிறதில்ல.

அடுத்தது குற்றவாளிகள் விவரம், இதுல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். போலீஸ் கணக்குல இருக்கிறது கைதானவர், குற்றவாளி இல்ல. 2022 கடைசில இந்திய ஜெயில்ல இருந்த 5,73,220 பேர்ல 4,34,302 பேர் விசாரணைக் கைதிங்க, நாலுல மூணு பேர் இன்னும் குற்றம் நிரூபணம் ஆகாதவங்க. எந்த சாதி எந்த மதம் அதிகம் குற்றம் பண்ணுதுன்னு சிலர் கிளப்புவாங்க, குற்ற அறிக்கைல கைதானவங்க சாதி மதம் கிடையாது, அது ஜெயில் அறிக்கைல மட்டும்தான் இருக்கு, அந்த எண்ணு சொல்றதும் யாரு ஜெயில்ல மாட்டிக்கிட்டு இருக்காங்கன்னு, ஜாமீனுக்கு ஆள் பிடிக்க முடியாதவன் யாரு, வக்கீலுக்குக் காசில்லாதவன் யாருங்கிற கேள்வியும் அதுக்குள்ளதான் இருக்கு. அத வெச்சு ஒரு சமூகத்துக்கு முத்திரை குத்துறது அயோக்கியத்தனம்.

பாலியல் குற்றவாளிகள் பட்டியல் ஒண்ணும் இருக்கு, 2018 செப்டம்பர்ல மத்திய அரசு ஆரம்பிச்சுது, அப்பவே நாலு லட்சத்துக்கு மேல பதிவு. ஆனா அத போலீஸ் மாதிரி விசாரணை அமைப்புகள் மட்டும்தான் பாக்க முடியும். அமெரிக்காவுல அது எல்லாருக்கும் திறந்திருக்கு, பேரு அட்ரஸ் போட்டோவோட, இங்கயும் அப்படி வேணும்னு நிறைய பேர் கேக்கிறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மேல சொன்ன 95 சதவீதத்த நினைச்சுப் பாருங்க, செஞ்சவன் சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரனோ, அவன் பேர வெளில போட்டா அந்தப் பிள்ளை யாருன்னு தெருவுக்கே தெரிஞ்சிடும். அதுக்கு பயந்தே வீட்டுல புகார அமுக்கிடுவாங்க.

ஆனா ஒரு இடத்துல பேரு வெளில தெரிஞ்சே ஆகணும், கைது நடந்த உடனே. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 41சி, இப்போ அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல 37வது பிரிவு, கைதானவங்க பேரு, முகவரி, என்ன குற்றம்ங்கிறத ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் மாவட்டத் தலைமையிடத்துலயும் தெரியிற மாதிரி வெக்கணும், டிஜிட்டலாவும் வெக்கணும்னு சொல்லுது. இது அவங்கள அசிங்கப்படுத்த இல்ல. ஒருத்தர எங்க கொண்டு போனாங்கன்னே தெரியாம ஒரு குடும்பம் ஸ்டேஷன் ஸ்டேஷனா அலையக் கூடாதுன்னு. சாத்தான்குளத்துல அப்பாவும் மகனும் செத்த நாட்டுல இந்தப் பிரிவோட அருமைய நான் விளக்க வேண்டியதில்ல. காவல் மரண எண்ணிக்கைலயே பாருங்க, 2021க்கு என்சிஆர்பி காட்டுறது 88, தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு 2021-22ல வந்த போலீஸ் காவல் மரணத் தகவல் 175. வருஷக் கணக்கு கொஞ்சம் முன்ன பின்ன, அதுக்குன்னு ரெண்டு மடங்கா வித்தியாசம் வரும்?

இப்போ பாதிக்கப்பட்டவங்க பேரு விஷயம். பாலியல் குற்றத்துல பாதிக்கப்பட்டவர அடையாளம் காட்டினா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், முன்னாடி ஐபிசி 228ஏ, இப்போ ஐபிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் 72. குழந்தைங்கன்னா, அவங்களுக்கு எதிரான பாலியல் குற்றத்துக்குன்னு இருக்கிற போக்சோ சட்டத்துல 23வது பிரிவு. 2018ல நிபுன் சக்சேனா வழக்குல சுப்ரீம் கோர்ட், பேரு மட்டுமில்ல, அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி எந்தத் துணுக்கும் வரக் கூடாதுன்னு சொன்னுச்சு. இவ்ளோ இருந்தும் 2019 பொள்ளாச்சி வழக்குல என்ன நடந்துச்சு, மாவட்டப் போலீஸ் அதிகாரியே பிரஸ் மீட்ல பேரச் சொன்னார், வழக்க சிபிஐக்கு மாத்துற அரசாணைலயும் பேரு, படிச்ச காலேஜ் எல்லாம் இருந்துச்சு. மதுரை பெஞ்ச் 25 லட்சம் இழப்பீடு குடுக்கச் சொன்னுச்சு. அதுலேர்ந்து பாடம் கத்திருக்கணும், கத்துக்கல. 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக பாலியல் வழக்குல பாதிக்கப்பட்ட மாணவியோட எஃப்ஐஆரே ஆன்லைன்ல திறந்து கிடந்துச்சு. இந்த மாதிரி எஃப்ஐஆர் தானாவே பூட்டிக்கணும், ஐபிசிலேர்ந்து பிஎன்எஸ்ஸுக்கு மாறின சமயத்துல அந்தப் பூட்டு விழறதுல தாமதம் ஆயிடுச்சுன்னு விளக்கம் வந்துச்சு. அதுக்குள்ள டவுன்லோட் பண்ணவன் பண்ணி, ஷேர் பண்ணவன் பண்ணி, அந்தப் பொண்ணு புகார் குடுத்த தைரியத்துக்குக் கிடைச்ச பரிசு அதுதான். சென்னை ஐகோர்ட் மறுபடி அதே 25 லட்சம் இடைக்கால இழப்பீடு போட்டுச்சு.

இந்தச் சம்பவத்தக் காட்டி எஃப்ஐஆர் எதையுமே ஆன்லைன்ல போடக் கூடாதுன்னு சிலர் பேசினாங்க, அது தப்பு. எஃப்ஐஆர 24 மணி நேரத்துல வெப்சைட்ல ஏத்தணும்னு 2016 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னப்பவே பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் மாதிரி வழக்குகள ஏத்தாதேன்னும் சேத்தேதான் சொன்னுச்சு. விதில கோளாறு இல்ல, சாஃப்ட்வேர்லயும் கவனத்துலயும் கோளாறு. தமிழ்நாடு போலீஸ் தளத்துல எஃப்ஐஆர் பாக்கிற வசதி சம்பந்தப்பட்டவங்களுக்கு உண்மையிலயே உதவுது, ஆனா மாவட்டம், ஸ்டேஷன், வருஷம், எஃப்ஐஆர் நம்பர் எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். ஏரியா நிலவரம் பாக்கணும்னா அது உதவாது.

பேரும் வெளில வராம எண்ணும் விவரமா வர வழி இருக்கான்னு கேட்டா, தாராளமா இருக்கு. இங்கிலாந்துல 2011லேர்ந்து போலீஸ் டாட் யூகேனு ஒரு தளம், தெரு வாரியா மாசா மாசம் என்ன குற்றம், அது விசாரணைல என்னாச்சுன்னு மேப்ல காட்டும், மொத்த டேட்டாவும் யார் வேணா இறக்கிக்கலாம். வீட்டச் சரியாக் காட்ட மாட்டாங்க, பக்கத்துல இருக்கிற ஒரு பொதுப் புள்ளிக்கு நகத்தி வெப்பாங்க, அந்தப் புள்ளியச் சுத்தி குறைஞ்சது எட்டு முகவரி இருக்கணும், இல்லன்னா பார்க் மாதிரி முகவரியே இல்லாத இடமா இருக்கணும்னு கணக்கு. அமெரிக்காவுல எஃப்பிஐயோட என்ஐபிஆர்எஸ்ங்கிற முறைல ஒவ்வொரு சம்பவமும் தனி வரி, பாதிக்கப்பட்டவர் வயசு, ஆண் பெண், செஞ்சவனுக்கும் அவருக்கும் என்ன உறவு, என்ன ஆயுதம், ஒரு சம்பவத்துல பல குற்றம் இருந்தா அதுவும் சேத்து, பேரு மட்டும் கிடையாது. நம்ம சிசிடிஎன்எஸ்லயும் இதுல பெரும்பாலான விவரம் உள்ள கிடக்கு. வெளில விடுற முடிவுதான் எடுக்கல.

சரி உங்க ஸ்டேஷனுக்கு வருவோம். என்சிஆர்பில மாவட்ட வாரியா கூடுதல் டேபிள் கிடைக்கும், பெருநகரம்னா 20 லட்சத்துக்கு மேல ஜனத்தொகை இருக்கிற 19 நகரத்துக்குத் தனியா இருக்கும், அதுல நம்மூர்லேர்ந்து சென்னையும் கோயம்புத்தூரும். ஸ்டேஷன் வாரியா கிடையாது. அதுக்கு ஆர்டிஐதான். மாவட்ட எஸ்.பி. ஆபீஸ்லயோ கமிஷனர் ஆபீஸ்லயோ இருக்கிற பொதுத் தகவல் அலுவலருக்கு, வெள்ளத் தாள்ல, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புங்க. ஸ்டேஷன்ல போய்க் கையில நீட்டாதீங்க, எதுக்குக் கேக்கிறேன்னு உக்கார வெச்சு விசாரிப்பாங்க, காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் சட்டப்படி உங்களுக்குக் கிடையாது.

வாசகம்தான் முக்கியம். "எங்கள் பகுதியில் பெண்களுக்குப் பாதுகாப்பு உள்ளதா" அப்படின்னு எழுதினா பதில் வராது, அது கருத்து. இப்படி எழுதுங்க: "01.01.2024 முதல் 31.12.2024 வரை இன்ன காவல் நிலையத்தில் பதிவான பெண்களுக்கெதிரான குற்ற வழக்குகளின் எண்ணிக்கை, சட்டப்பிரிவு வாரியாக. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை, 18 வயதுக்குக் கீழ் மற்றும் மேல் என. எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தெரிந்தவர் அல்லது தெரியாதவர் என்ற பிரிவுப்படி எண்ணிக்கை. குற்றப்பத்திரிகை தாக்கலான, விசாரணையில் உள்ள, மேல் நடவடிக்கை கைவிடப்பட்ட வழக்குகளின் எண்ணிக்கை. பெயர், முகவரி உள்ளிட்ட அடையாள விவரங்கள் எதுவும் தேவையில்லை." கடைசி வரிய விட்டுடாதீங்க, அது இருந்தா தனிநபர் தகவல்னு சொல்லி மறுக்க முடியாது. 2023ல வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்டிஐயோட 8(1)(ஜே)வ ரொம்ப இறுக்கிடுச்சு, தனிநபர் தகவல்னு ஒரு வார்த்தை போதும் மறுக்க, அதனால அந்தக் கதவ நாமளே முன்னாடி மூடிடணும்.

30 நாள்ல பதில் வரணும். வழக்கமா மூணு மறுப்பு வரும். விசாரணை பாதிக்கும்னு 8(1)(எச்) போடுவாங்க, விசாரணை நடக்குதுங்கிறது மட்டும் காரணமில்ல, எப்படி பாதிக்கும்னு காட்டணும்னு டெல்லி ஐகோர்ட் பகத் சிங் வழக்குல 2007லயே சொல்லிடுச்சு, எண்ணிக்கை குடுத்தா எந்த விசாரணையும் பாதிக்காது. ரெண்டாவது, தொகுக்கப்பட்ட நிலையில் இல்லைன்னு வரும், இது கொஞ்சம் வலுவான மறுப்பு, ஏன்னா இல்லாத தகவல உருவாக்கித் தர வேண்டியதில்லன்னு 2011ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு. அதுக்கு நான் செய்றது, மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு அந்த ஸ்டேஷன் அனுப்புற மாதாந்திர அறிக்கையோட நகல், அடையாளம் இருந்தா 10வது பிரிவுப்படி அத மறைச்சுட்டுக் குடுங்கன்னு கேப்பேன், அது ஏற்கனவே இருக்கிற தாள், இல்லன்னு சொல்ல முடியாது. மூணாவது, எங்க அலுவலகம் சம்பந்தப்பட்டதில்லைன்னு திருப்பி அனுப்புறது, 6(3)படி அஞ்சு நாள்ல சரியான ஆபீஸுக்கு அவங்கதான் மாத்தி அனுப்பணும். மறுத்தா 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுலயும் ஆகலன்னா 90 நாளுக்குள்ள மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்துல நாளாகும், அத மறைக்க முடியாது, ஆனா முதல் மேல்முறையீட்டுலயே நிறைய கிடைச்சிடும், பல பேர் முதல் மறுப்போட விட்டுடறதுதான் பிரச்சனை.

ஆர்டிஐக்கு முன்னாடி ரெண்டு இடம் பாருங்க, ரெண்டும் என்சிஆர்பியவிட சீக்கிரம் வரும். ஒண்ணு, போலீஸ் மானியக் கோரிக்கை வர்றப்போ சட்டசபைல வெக்கிற கொள்கை விளக்கக் குறிப்பு, தமிழ்லயே இருக்கும், தமிழ்நாடு அரசு தளத்துல கிடைக்கும், கொலை, ஆதாயக் கொலை, வழிப்பறி, கன்னக்களவுன்னு தலைப்பு வாரியா முந்தின வருஷங்களோட சேத்து எண்ணு இருக்கும். இன்னொண்ணு, பார்லிமென்ட்ல எம்.பி.க்கள் கேக்கிற கேள்விக்கு உள்துறை குடுக்கிற எழுத்துப்பூர்வ பதில், அறிக்கைல இல்லாத தலைப்பு கூட சில சமயம் அதுல மாட்டும். உங்க எம்.பி.க்கு ஒரு மெயில் போட்டு இந்தக் கேள்விய கேளுங்கன்னு சொல்லவும் செய்யலாம், கேட்டு வாங்கினவங்க இருக்காங்க.

கடைசியா ஒண்ணு. ஆர்டிஐ பதில்ல சில சமயம் அவங்களே கவனிக்காம எஃப்ஐஆர் நகலச் சேத்து அனுப்பிடுவாங்க, பேரு ஊரு எல்லாத்தோடயும். அப்படி வந்தா யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க, வீட்டுல கூட காட்டாதீங்க, எண்ணிக்கைய மட்டும் எழுதி எடுத்துட்டு அந்தத் தாளக் கவர்ல போட்டு, அடையாள விவரம் தவறுதலா வந்திருக்குன்னு எழுதி அதே அலுவலருக்குத் திருப்பி அனுப்பிடுங்க, அனுப்பின ரசீத மட்டும் பத்திரமா வெச்சுக்கோங்க.